டிசம்பர் விடுமுறையில் ஷார்க்ஸ் கோவ் போகத் திட்டமிடும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்களுக்கு ஹவாய்ப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் நண்பர்களுக்கும் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

தேங்க்ஸ்கிவிங் முடிந்த கையோடு வாட்ஸ்அப் குழுக்களில் ஹவாயின் ஓவாஹு தீவுக்கான ஐந்து நாள் திட்டங்கள் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் யாரோ கோடையில் போய்வந்து எழுதியவை. தேதியை மட்டும் மாற்றி அதையே டிசம்பருக்கும் அனுப்புகிறார்கள். அதில் தீவின் வடகரைக்கு ஒதுக்கிய நாளில் ஹலேஇவா ஊர், ஷேவ் ஐஸ், இறால் வண்டி எல்லாம் வரும். அடுத்து "ஷார்க்ஸ் கோவ்: ஸ்நார்க்கலிங், டைட் பூல், குழந்தைகளுக்கு ஏற்றது" என்று ஒரு வரி இருக்கும். ஸ்நார்க்கலிங் என்பது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி நீரின் மேல் மிதந்தபடி மீன் பார்ப்பது; டைட் பூல் என்பது கடலோரப் பாறைக் குட்டை. ஜூலையில் அந்த வரி சரி. டிசம்பரில் அது உயிருக்கு ஆபத்து.

உங்களிடம் கேட்பது இதுதான். நவம்பர் முதல் மார்ச் வரைக்குமான எந்தத் திட்டத்திலும் ஷார்க்ஸ் கோவைக் கடலில் இறங்கும் இடமாகப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு தாராளமாகச் சொல்லுங்கள். ஓவாஹுவில் கரையிலிருந்தே நீந்திப்போய் இவ்வளவு மீன் பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு. ஏன் இப்படி, எப்படிப் பார்த்து முடிவெடுப்பது, கோடையில் போனால் என்ன செய்வது, குளிர்காலத்தில் அதற்குப் பதிலாக எங்கே போவது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

ஷார்க்ஸ் கோவ் என்பது ஹொனலூலு நகராட்சியின் பூபூகேயா பீச் பார்க்கில் ஒரு பகுதி. வைகிகியிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஹலேஇவாவிலிருந்து கமேஹமேஹா நெடுஞ்சாலையில் போனால், வைமேயா விரிகுடாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் வரும். எதிரே ஃபுட்லேண்ட் கடை. பூங்காவின் தெற்கு முனையில் த்ரீ டேபிள்ஸ்: நீர் வற்றும்போது மேசை மேசையாகத் தலைகாட்டும் தட்டைப் பாறைகள். வடக்கு முனையில் ஷார்க்ஸ் கோவ், பாறை சூழ்ந்த சிறு குடா. இரண்டுக்கும் நடுவில், கடலை மறித்து நிற்கும் பாறை வரிசைக்கு உட்புறம், கபோஓ என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பாறைக் குட்டைகள். டைட் பூல் என்று திட்டங்களில் எழுதப்படுவது இவைதான். 1983 முதல் இந்தக் கடற்பகுதி பாதுகாக்கப்பட்ட கடல்வாழ் உயிரினப் பகுதி. 2003 இல் எல்லையை விரித்து வைமேயா விரிகுடாவையும் சேர்த்தார்கள். மீன்பிடிப்புக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால்தான் மீன்கள் ஆளைக் கண்டு சிதறி ஓடுவதில்லை. பெயரில் சுறா இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கே பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல, அலைக்கு.

குளிர்காலத்தில் வட பசிபிக்கில், அலூஷியன் தீவுகளை ஒட்டி, பெரும் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. அவை கிளப்பும் நீண்ட அலைகளை ஸ்வெல் என்பார்கள். புயல் ஹவாய்ப் பக்கம் வரவே வராது; அலை மட்டும் வரும். 16 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த காற்றின் விளைவு மூன்று நாள் கழித்து பூபூகேயா பாறையில் மோதும். அன்றைக்கு இங்கே வானம் நீலமாக இருக்கும், காற்றே இருக்காது, வெயில் இதமாக அடிக்கும். வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கும் நம் வழக்கம் இந்த இடத்தில் உதவாது.

அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 8 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். 16 விநாடி அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். ஒரே உயரமாக இருந்தாலும் 16 விநாடி அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் இரண்டு மடங்கு. ஆழம் குறையக் குறைய அது இன்னும் உயர்ந்து எழும்பும். இந்தியக் கடற்கரைக்கு முன்னால் ஆழம் குறைந்த கண்டத் திட்டு உண்டு. அலை அதில் உராய்ந்து வலுவிழந்து வருகிறது. ஹவாய்த் தீவுகள் ஆழ்கடலிலிருந்து நேராக எழுந்த எரிமலைகள், அப்படி ஒரு திட்டு இல்லை. கிளம்பியபோது இருந்த வலுவில் பெரும்பகுதியோடு அலை வந்து மோதுகிறது.

எந்த அளவு என்று தெரிய ஓர் எடுத்துக்காட்டு. வைமேயா விரிகுடாவில், அங்கே உயிர்காப்பாளராக இருந்த அலைச் சவாரி வீரர் எடி ஐகாவ் நினைவாக நடக்கும் பெரிய அலைச் சவாரிப் போட்டி எல்லா ஆண்டும் நடப்பதில்லை. அலையின் முகப்பு, அதாவது கரையிலிருந்து தெரியும் முன்பக்கம், 40 அடி அளவுக்கு எழும்பினால்தான் நடத்துவார்கள். கடைசி இரண்டு முறை நடந்தது 2023 ஜனவரி 22 அன்றும் 2024 டிசம்பர் 22 அன்றும். இரண்டாவது தேதியைப் பாருங்கள்: உங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை தொடங்கும் வாரம். அந்த விரிகுடாவிலிருந்து ஷார்க்ஸ் கோவ் நடந்தே போகும் தூரம்.

அதெல்லாம் பெரிய அலை நாள், நாங்கள் போகும்போது அமைதியாகத்தான் இருந்தது என்று சிலர் சொல்லக்கூடும். குளிர்காலத்தில் அமைதியான நாள்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அமைதியான நாள் வேறு, அமைதியான பத்து நிமிடம் வேறு. நீண்ட ஸ்வெல் தொடர்ச்சியாக வராது. செட் செட்டாக வரும். ஐந்தாறு பெரிய அலை அடுத்தடுத்து மோதும், பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் கடல் தூங்குவதுபோல இருக்கும். காரை நிறுத்தி, பையை எடுத்து, சன்ஸ்கிரீன் பூசி, குழந்தைக்கு மாஸ்க் மாட்டி முடிக்கும் நேரம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடலாம். இறங்கிய பிறகு அடுத்த செட் வரும்.

அப்போது குடாவுக்குள் நடப்பது இது. வாய்ப்பகுதி வழியாக அலை உள்ளே நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த நீர் அதே வாய் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஒரு செட் முடியும்போது மொத்த நீரும் வெளியே இழுக்கும்; கூடவே நீந்துகிறவரையும் இழுக்கும். வாய்க்கு வெளியே ஆழம் சட்டென்று கூடுகிறது, வலப்பக்கம் குகைகள் இருக்கின்றன. அந்தக் குகைகளில் பயிற்சி பெற்ற ஸ்கூபா முக்குளிப்பவர்களே உயிரிழந்திருக்கிறார்கள். குடாவின் கரை முழுக்கப் பாறை என்பதால் பக்கவாட்டில் நீந்தி மணலில் ஏறிக்கொள்ளும் வழியும் கிடையாது. மணல் இருப்பது உள்மூலையில் ஒரு சிறு துண்டு.

குடாவைவிட நம்மவர்களை அதிகம் ஏமாற்றுவது பாறைக் குட்டைகள்தான். "நாங்கள் ஸ்நார்க்கலிங் எல்லாம் போகவில்லை, குழந்தைகளோடு குட்டையில்தான் இருப்போம்" என்பார்கள். குட்டைக்கும் கடலுக்கும் நடுவே அந்தப் பாறை வரிசை இருக்கிறது, உண்மை. ஆனால் பெரிய செட் அதன் தலைக்கு மேலே ஏறி வரும். முழங்கால் அளவு இருந்த நீர் சில விநாடிகளில் மார்பளவு ஆகும். ஏறிய நீர் பாறை இடுக்குகள் வழியாகக் கடலுக்குத் திரும்பப் பாயும்போது அந்த இடுக்கை நோக்கி ஆளைச் சுரண்டிக்கொண்டு போகும். அடியில் இருப்பது வழுக்கும் பாசி, சுற்றிலும் இருப்பது கத்திபோல் கூரான பாறை. பெரியவர்கள் தோல் கிழிந்து தப்பிக்கலாம். நான்கு வயதுக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு இரண்டு கையும் இல்லை. பாறை வரிசையின் மேல் ஏறி நின்று, கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். வெளிப்பாறைகளில் ஓப்பிஹி என்ற ஒட்டுச்சிப்பியைப் பெயர்த்தெடுக்கப் போய், தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலை அறிந்த ஹவாய்க்காரர்களே அலையோடு போயிருக்கிறார்கள்.

ஒரு பாறையில் நிற்கலாமா என்று தெரிய எளிய அடையாளம் ஒன்று உண்டு: பாறையின் நிறத்தைப் பாருங்கள். ஈரமாக, கறுத்து, பளபளவென்று இருந்தால் அங்கே அண்மையில் அலை வந்துபோயிருக்கிறது. எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் அது நிற்கும் இடம் அல்ல. உப்புப் பூத்து வெளிறிக் காய்ந்த பாறை அதைவிட மேல், ஆனாலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஸ்வெல் ஏறிக்கொண்டிருக்கும் நாளில் ஒவ்வொரு செட்டும் முந்தையதைவிட மேலே ஏறும்.

இனி முன்னறிவிப்பைப் படிப்பது. தேசிய வானிலைச் சேவையின் ஹொனலூலு அலுவலகம் கரைவாரியாக அலை முன்னறிவிப்பு தருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது வடக்கு நோக்கிய கரைகளுக்கான எண். அது அலையின் முகப்பு உயரம். உள்ளூர் அலைச் சவாரிக்காரர்கள் பழைய ஹவாய் முறையில் அலையின் பின்புறத்தை வைத்து அளப்பார்கள். அவர்கள் 6 அடி என்று சொன்னால் உங்கள் கண்ணுக்குத் தெரியும் முகப்பு கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. கடை வாசலில் கேட்ட 6 அடியையும் இணையத்தில் பார்த்த 6 அடியையும் ஒன்றாக நினைப்பதில் பலர் தவறிவிடுகிறார்கள்.

வடகரைக்கு முகப்பு 15 அடி என்றால்தான் உயர் அலை அறிவுரை வரும். எச்சரிக்கை வருவது 25 அடிக்கு. அதனால் "எச்சரிக்கை ஒன்றும் இல்லையே" என்று இறங்குவது பெரிய தவறு. அந்த அளவுகள் இந்த வடகரையின் பழக்கத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டவை. நீச்சல் குளத்தில் மட்டும் நீந்திப் பழகியவருக்கு 6 அடியே அளவுக்கு மீறியது. எங்கள் கணக்கு இது. முன்னறிவிப்பு 0 முதல் 3 அடி என்றால் குடாவில் ஸ்நார்க்கலிங் செய்யலாம். 4 அடி என்றால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர்கள்கூட நேரில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். குழந்தைகள் குட்டைகளின் சாலைப்பக்க ஓரத்தில் மட்டும். 5 அடியும் அதற்கு மேலும் என்றால் நீரும் வேண்டாம், பாறையும் வேண்டாம்.

காலையில் கிளம்பும் முன் அலையை அளக்கும் வைமேயா விரிகுடா மிதவை காட்டும் அளவையும் இணையத்தில் பாருங்கள். அதன் எண் 51201. உயரத்துக்குப் பக்கத்திலேயே விநாடியும் இருக்கும். 3 அடி, 8 விநாடி என்றால் வெறும் காற்றலை. அதே 3 அடி, 17 விநாடி என்றால் தொலைவிலிருந்து புதிய ஸ்வெல்லின் முன்னணி வந்துவிட்டது என்று பொருள். மாலைக்குள் கடல் வேறு முகம் காட்டும். நண்பகலுக்குத் திட்டமிட்டவர்கள் அன்று போகவே கூடாது.

ஏற்றவற்றத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஹவாயில் கடல் ஏறி இறங்கும் அளவு சுமார் 2 அடிதான். குட்டைகளைப் பார்க்க நீர் வற்றும் நேரம் நல்லது, உயிர்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் பாதுகாப்பைத் தீர்மானிப்பது வற்றம் அல்ல. வற்ற நேரம் பார்த்துவிட்டோம் என்ற தைரியத்தில் 10 அடி அலை நாளில் பாறைமேல் நிற்பவர்களுக்கு அந்த 2 அடியால் ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் பார்த்து வந்து சேர்ந்த பிறகும், கோடையானாலும், உடனே இறங்காதீர்கள். மேலே சாலையோரத்தில் நின்று 20 நிமிடம் கடலை மட்டும் பாருங்கள். குடாவின் வாயில் வெண்நுரை உடைகிறதா, பாறை வரிசைக்கு மேல் நீர் ஏறுகிறதா, உள்ளே நீர் மட்டம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் இறங்க வேண்டாம். மழை பெய்து நீர் செம்மண் நிறமாகக் கலங்கியிருந்தாலும் வேண்டாம். கழிவும் கிருமியும் கலந்த நீர் அது.

அடுத்தது, இந்த மடலில் நாங்கள் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டி, "மூச்சு மட்டும் விடுங்கள், மிதப்பீர்கள்" என்று சொல்லி நீரில் விடுகிறார்கள். ஹவாயில் கடலில் மூழ்கி இறக்கும் வெளியூர்ப் பயணிகளில் அதிகம் பேர் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்தவர்கள். அலையே இல்லாத, ஆழமும் இல்லாத நீரில், சத்தமில்லாமல் நடந்த மரணங்கள் அவற்றில் பல. ஹவாயில் இதற்காகவே நடந்த ஸ்நார்க்கல் பாதுகாப்பு ஆய்வு காட்டிய காரணம் கவனிக்க வேண்டியது. குழாய் வழியாக மூச்சை இழுக்கும்போது நுரையீரல் ஒரு தடையை எதிர்த்து உழைக்கிறது. குழாய் குறுகலாக இருந்தால், உள்ளே வால்வு இருந்தால், பதற்றத்தில் வேகமாக இழுத்தால் அந்தத் தடை கூடும். நுரையீரலுக்குள் அழுத்தம் குறைய, இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளில் சேர்கிறது. உடலில் ஆக்சிஜன் குறைகிறது. ஒரு துளி கடல்நீர்கூட விழுங்காமலேயே ஆள் தளர்ந்துபோகலாம். கை கால் அடித்து உதவி கேட்கும் காட்சி இருக்காது. குப்புற மிதந்தபடியே நினைவு தப்பும். பக்கத்தில் இருப்பவர் மீன் பார்க்கிறார் என்றே நினைப்பார்.

இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்கள் ஸ்நார்க்கலிங் வேண்டாம். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே யோசிக்கலாம். மற்றவர்களுக்கு: குழாய் எளிமையானதாக, அகலமானதாக இருக்கட்டும். விடுதி நீச்சல் குளத்தில், நிற்கக்கூடிய ஆழத்தில், பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். அங்கே மூச்சு திணறினால் கடலில் இன்னும் திணறும். முழுமுக மாஸ்க்கின் பெரிய குறை, அவசரத்தில் அதை வாயிலிருந்து துப்பிவிட முடியாது. பட்டையைத் தேடிக் கழற்ற வேண்டும். கடலில் காரணம் தெரியாமல் மூச்சு வாங்கத் தொடங்கினாலோ, கைகளில் திடீரென்று வலு குறைந்தாலோ ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது: குழாயை எடுத்துவிட்டு, மல்லாந்து மிதந்து, கையை ஆட்டிக் கூப்பிட்டு, உடனே வெளியே வர வேண்டும். இருவராகப் போங்கள். ஒருவர் தலையை நீரில் வைத்திருக்கும்போது மற்றவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மீன் பார்ப்பது துணையாகாது.

கோடையில் போகிறவர்களுக்கு இறங்கும் முறை. காலை எட்டு மணிக்கு முன் வந்துவிடுங்கள். காற்று குறைவு, நீர் தெளிவு, கார் நிறுத்தவும் இடம் கிடைக்கும். வாகன நிறுத்தம் சிறியது. ஃபுட்லேண்ட் கடையின் இடம் அதன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். காருக்குள் பை, போன், பாஸ்போர்ட் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடி உடைப்பு இங்கே வழக்கமான திருட்டு.

காலுக்கு ரப்பர் செருப்பு ஆகாது. பாசியில் வழுக்கும், அலையில் கழன்று போகும். காலோடு ஒட்டிய, அடி தடித்த நீர்க்காலணி வேண்டும். ஃபின்ஸ் எனும் துடுப்புக் காலணியைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு பாறையில் நடக்க முயல்வதில்தான் கணுக்கால் பிசகுகிறது. இடுப்பளவு நீர் வந்த பிறகு, துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டுங்கள். சுடிதார், துப்பட்டா, காட்டன் சட்டை எல்லாம் நீரில் கனத்துக் காலைச் சுற்றும். ராஷ்கார்டு எனும் முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் போட்டால் உடல் மறையும், வெயிலும் தடுக்கும், பாறைக் கீறலும் குறையும், பூச வேண்டிய சன்ஸ்கிரீனும் பாதியாகும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன்களை 2021 ஜனவரி 1 முதல் ஹவாயில் விற்கவே தடை. பவளத்துக்குக் கேடு என்பதால் 2018 இல் சட்டம் போட்டார்கள். வீட்டிலிருந்து பழைய குப்பியைக் கொண்டுவராதீர்கள். ஜிங்க் ஆக்சைடு உள்ளதை வாங்கி, நீரில் இறங்க 15 நிமிடம் முன்பே பூசி உலரவிடுங்கள்.

இறங்குமிடம், கடலைப் பார்த்து நின்றால் இடது மூலையில் இருக்கும் மணல் துண்டு. அங்கே அடியில் உருளைக் கற்கள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். முதல் கால் மணி நேரம் குடாவின் உட்பாதியிலேயே இருங்கள். மீன் அங்கேயே நிறைய. மாஸ்க்கில் மூச்சாவி படிந்தால் கழற்றி, துளி பேபி ஷாம்பூ தேய்த்துக் கழுவுங்கள். வாய்ப்பகுதி வரை போகத்தான் வேண்டும் என்று இல்லை. குடாவின் நடுவிலேயே 15, 20 அடி ஆழம் வந்துவிடும். எங்கே திரும்புவது என்று கரையிலேயே ஒரு பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாதீர்கள். கோடையிலும் நீர் 26, 27 பாகைதான். அரை மணி நேரத்தில் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் நடுக்கம் எடுக்கும். உதடு நீலமானால் போதும், வெளியே.

பாறைக் குட்டையில் நடப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பதே சரியான வழி. ஒரு சிறிய குட்டையின் ஓரத்தில், உங்கள் நிழல் நீரில் விழாதபடி குந்தி, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் வெறும் கல்லாகத் தெரிந்தது மெல்ல உயிர்பெறும். கறுப்பு மிளகு கொட்டியதுபோல் ஒட்டியிருப்பவை பிபிபி என்ற சிறு நத்தைகள். பாறையில் உள்ள பள்ளங்களுக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு கடல் முள்ளெலி. அது தன் முள்ளாலும் பல்லாலும் குடைந்து செய்த வீடு அது. விரலளவு வரிமீன் ஒன்று ஒரு குட்டையிலிருந்து துள்ளி அடுத்த குட்டையில் விழும். பாஓஓ என்பார்கள், பாறைக்கு மேலே நீர் இல்லாத இடத்திலும் தாவும். வெளிறிய பச்சையில் கறுப்புக் கோடு போட்ட குட்டி மீன்கள் மனினி. பெரிய மீனுக்குப் பயந்து இளம் பருவத்தை இந்தக் குட்டைகளில்தான் கழிக்கின்றன. அலை மோதும் வெளிப்பாறையில், முள் இல்லாமல் ஊதா ஓடு வேய்ந்ததுபோல் ஒட்டியிருப்பதும் முள்ளெலி வகைதான். அதன் முட்கள் தட்டையாகி ஓடுகளாய் அடுக்கியிருப்பதால் எந்த அலையாலும் பெயர்க்க முடியாது. அதைத் தூரத்திலிருந்தே பாருங்கள். அது வாழுமிடம் ஆள் நிற்கும் இடம் அல்ல.

கறுப்பாக, நீளமாகக் கிடப்பது கடல் அட்டை. ராமநாதபுரத்துக்காரர்களுக்குப் பழக்கமான உயிர். கையில் எடுத்துக் குழந்தைக்குக் காட்டாதீர்கள், மிரண்டால் சில வகை உள்ளுறுப்பையே வெளியே தள்ளிவிடும். கூம்பு வடிவச் சங்கு அழகாக இருக்கும், காலியாக இருக்கிறது என்று எண்ணி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் நத்தைக்கு நஞ்சு தோய்ந்த ஈட்டி உண்டு. சில வகையின் நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது. இடுக்குகளில் அஞ்சாலை என்ற விலாங்கு வகை மீன் மறைந்திருக்கும். பார்க்காமல் கையை உள்ளே விடக் கூடாது. கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயிலில் செத்துப்போகும். பவளத்தில் கால் வைக்காதீர்கள். இங்கே பரவலாக உள்ள மேட்டுப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளர்கிறது. சங்கு, கல், மணல், பவளத் துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது. மீனுக்கு ரொட்டி, பொரி, சோறு போடக் கூடாது. இரண்டும் இங்கே சட்டப்படி குற்றம். பொரி போடுவது நமக்குப் புண்ணியச் செயல். இங்கே அது பாசி மேயும் மீனின் பழக்கத்தைக் கெடுக்கிறது. பாசியை மேய ஆள் இல்லையென்றால் பவளம் மூடிப்போகும்.

ஆமை வந்தால் 10 அடி விலகி நில்லுங்கள். அது உங்களை நோக்கி வந்தால் நீங்கள் பின்வாங்குங்கள். மங்க் சீல் என்ற கடல்நாய் கரையில் படுத்திருந்தால் 50 அடி, குட்டியோடு இருந்தால் 150 அடி. உலகில் மொத்தமே 1,600 அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. அதைத் தொடுவது ஹவாய்ச் சட்டத்தில் பெருங்குற்றம்.

முள்ளெலியை மிதித்துவிட்டால் ஊசியால் தோண்டாதீர்கள், முள் உள்ளேயே நொறுங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இடுக்கியால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரம் காலை வையுங்கள். மூட்டருகே குத்தியிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாறைக் கீறலை நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிறு கீறல்தானே என்று விட்டவர்களுக்கு மூன்றாம் நாள் சீழ் வைக்கிறது. ஒருவரை அலை இழுத்துப் போனால், நீந்தத் தெரிந்தாலும் பின்னாலேயே குதிக்காதீர்கள். 911 கூப்பிடுங்கள், மிதக்கும் எதையாவது எறியுங்கள், அவரைக் கண்ணிலிருந்து விடாமல் கையால் சுட்டிக்காட்டிக்கொண்டே இருங்கள். இழுபட்டவர் பாறையை நோக்கிப் போராடக் கூடாது. அலை உடையும் இடத்தைத் தாண்டி வெளியே மிதந்து காத்திருப்பதே பிழைக்கும் வழி.

டிசம்பரில் போகிறவர்களுக்கு வடகரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அலைகளைக் கரையிலிருந்து பார்ப்பதே பெரிய காட்சி. எஹுகாய் பீச் பார்க்கில் உலர்ந்த மணலில், நீர் தொட்ட கோட்டுக்கு நன்றாக மேலே உட்கார்ந்தால் பைப்லைன் அலையில் உலகின் தலைசிறந்த வீரர்களைப் பார்க்கலாம். வைமேயா விரிகுடாவில் உயிர்காப்பாளர் கோபுரத்துக்குப் பின்னால் நின்று பாருங்கள், அவர்கள் வைத்த கொடியைத் தாண்டாதீர்கள். எதிர்ப்பக்க வைமேயா பள்ளத்தாக்கில் தாவரத் தோட்டமும் அருவியும் உண்டு. முதியவர்களுக்கு அது கடலைவிட நல்லது.

நீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தீவின் மறுபக்கம் போங்கள். சிறு குழந்தைகளுக்கு மேற்கே கோ ஒலினாவில் பாறை அணை கட்டிய செயற்கைக் குளங்கள் இருக்கின்றன. ஸ்நார்க்கலிங்குக்கு ஹனௌமா பே. 1967 இல் மாநிலத்தில் முதன்முதலாகப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி, தென்கிழக்கு நோக்கியது என்பதால் வடக்கு ஸ்வெல் நேராக எட்டாது, உயிர்காப்பாளர்களும் இருக்கிறார்கள். திங்கள், செவ்வாய் விடுமுறை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாளிலும் திறப்பதில்லை. வெளிமாநிலத்தவருக்கு ஆளுக்கு 25 டாலர், 12 வயது வரை இலவசம். முன்பதிவு இரண்டு நாள் முன்னதாக, ஹவாய் நேரம் காலை 7 மணிக்கு இணையத்தில் திறக்கும், டிசம்பரில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அது கலிஃபோர்னியாவில் காலை 9 மணி, டெக்சாஸில் 11, நியூ ஜெர்சியில் நண்பகல் 12. நீங்கள் அனுப்பும் திட்டத்தில் ஷார்க்ஸ் கோவ் இருந்த வரியை அழித்துவிட்டு, இந்த நேரத்தையும் எந்தக் கிழமை என்பதையும் அங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
ஓவாஹு கடலோடு பழகிய தமிழர்கள்